சூட்டில் இழுக்கும் கம்பி: நிட்டினாலை ஆக்சுவேட்டராகப் பயன்படுத்துவது

சர்க்கரை நோயாளிகள் வயிற்றிலோ மேற்கையிலோ ஒட்டிக்கொள்ளும் ஆம்னிபாட் என்ற இன்சுலின் பம்புக்குள் மோட்டார் கிடையாது. அமெரிக்காவின் இன்சுலெட் நிறுவனம் தயாரிக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பிரித்தால் மருந்துக் கூடு, அதன் பிஸ்டனைத் தள்ளும் திருகுத்தண்டு, ஒரு பற்சக்கரம், சில பொத்தான் பேட்டரிகள் ஆகியவற்றோடு மெல்லிய நிட்டினால் கம்பி ஒன்று இருக்கும். கம்பியில் ஒரு கணம் மின்சாரம் பாய்கிறது. அது சூடாகிச் சுருங்கி நெம்புகோலை இழுக்கிறது, பற்சக்கரம் ஒரு பல் நகர்கிறது. காது கொடுத்தால் 'டிக்' என்று கேட்கும். அந்த ஒரு டிக்கில் உடலுக்குள் போவது 0.05 யூனிட் இன்சுலின். வழக்கமான 100 யூனிட் செறிவுள்ள மருந்தில் அது அரை மைக்ரோலிட்டர்.

இந்தக் கருவியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது பயன் தரும். கூட்டின் கொள்ளளவு 200 யூனிட். ஆகவே கம்பி தன் ஆயுளில் அதிகபட்சம் 4,000 முறைதான் இழுக்க வேண்டும். மூன்று நாளில் பெட்டியே குப்பைக்குப் போய்விடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் தேவைப்படும் நோயாளிக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு டிக் போதும். நடுவே கம்பி ஆறுவதற்கு வேண்டிய அளவு நேரம் இருக்கிறது. சுற்றுப்புறமோ மனித உடல், எப்போதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலை. குறைந்த நகர்வு, நீண்ட இடைவெளி, எண்ணிச் சொல்லக்கூடிய ஆயுள், நம்பத்தக்க சுற்றுப்புறச் சூடு என நான்கும் ஒரே இடத்தில் கூடி வந்ததால்தான் அங்கே மோட்டார் தோற்றது. இந்த நான்கில் இரண்டு இல்லாத இடத்தில் நிட்டினால் போன்ற வடிவ நினைவு உலோகக்கலவையைத் திணிப்பவர் பெரும்பாலும் சில மாதம் கழித்து சர்வோ மோட்டாருக்கே திரும்புகிறார்.

காரணம் எளிது. இந்தக் கம்பியை இழுக்க வைப்பது பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சி வேலை. அதைத் திரும்பப் பழைய நிலைக்கு, வேண்டிய நேரத்துக்குள், ஆயிரம் முறையும் ஒரே மாதிரி கொண்டுவருவதுதான் பொறியியல்.

உள்ளே என்ன நடக்கிறது

நிக்கலும் டைட்டானியமும் அணு எண்ணிக்கையில் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி கலந்தது நிட்டினால். எடையில் பார்த்தால் நிக்கல் சுமார் 55 சதவீதம். குளிர்ந்த நிலையில் அதன் படிக அமைப்பு மார்ட்டென்சைட். அதை இழுத்தால் அணு அடுக்குகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து கொடுக்கும், பிணைப்புகள் அறுவதில்லை. சூடாக்கினால் ஆஸ்டனைட் என்ற ஒழுங்கான அமைப்புக்குத் தாவும். அந்த அமைப்பில் அணுக்களுக்கு நிற்க ஒரே இடம்தான் உண்டு என்பதால் கம்பி பழைய நீளத்துக்கு வந்தே தீரும். தடுத்தால் அதற்கேற்ற பலத்தோடு இழுக்கும்.

வில்லியம் ப்யூலர் 1959-ல் மேரிலாந்தின் கடற்படை ஆயுத ஆய்வகத்தில் ஏவுகணையின் மூக்குக் கூம்புக்கான உலோகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது இந்தக் கலவையில் அவர் முதலில் கவனித்தது வடிவத்தை அல்ல, ஓசையை. சூடாக இருந்த வார்ப்புத் தண்டு தரையில் பட்டதும் மணிபோல் ஒலித்தது. ஆறிய தண்டு ஈயத்துண்டு விழுந்ததுபோல் மந்தமாக 'தொப்' என்றது. ஒரே உலோகம், இரண்டு படிக அமைப்பு. மார்ட்டென்சைட் அதிர்வை விழுங்கிவிடும், ஆஸ்டனைட் விழுங்காது. இன்றும் தடித்த நிட்டினால் தண்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பட்டறையில் சட்டென்று அறிய அதைத் தட்டிப் பார்க்கலாம்.

இங்கே வடிவமைப்பாளர் மறக்கக் கூடாத விவரங்கள் இரண்டு. முதலாவது, போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல. 90 டிகிரியில் சுருங்கிய கம்பி 89-க்கு ஆறினால் நீளாது. சாதாரண நிட்டினாலில் இந்த இடைவெளி 20 முதல் 30 டிகிரி வரை இருக்கும். கொஞ்சம் செம்பு சேர்த்தால் 10, 15 டிகிரிக்கு இறங்கும். ஆர்-நிலை என்ற இடைநிலை மாற்றத்தை மட்டும் பயன்படுத்தினால் சில டிகிரிதான், ஆனால் நகர்வும் ஒரு சதவீதத்துக்குள் சுருங்கிவிடும். இரண்டாவது, சுமை ஏற ஏற மாற்ற வெப்பநிலையும் ஏறும். கம்பியின் குறுக்குவெட்டில் 100 மெகாபாஸ்கல் தகைவு கூடினால் சுமார் 15 டிகிரி மேலே போகும். தரவுத்தாளில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலை எந்தச் சுமையில் அளந்தது என்று பார்க்காமல் வடிவமைப்பவரின் கருவி சோதனை மேசையில் ஒழுங்காக ஓடும், சுமையோடு பொருத்தியதும் பாதியில் நின்றுவிடும்.

ஒரு தாழ்ப்பாளின் கணக்கு

பெட்டி ஒன்றின் சிறு தாழ்ப்பாளை 8 மில்லிமீட்டர் இழுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக்சுவேட்டர் வேலைக்கென்றே பழக்கி விற்கப்படும் கம்பிகளில் டைனலாய் நிறுவனத்தின் ஃப்ளெக்ஸினால் எளிதாகக் கிடைப்பது. அதன் தரவுத்தாள் எண்களையே எடுத்துக்கொள்வோம்.

நிட்டினால் எட்டு சதவீதம்வரை மீளும் என்று புத்தகங்கள் சொல்லும். ஒரே ஒருமுறை இழுத்தால் போதும் என்றால் அது சரி. திரும்பத் திரும்ப ஓட வேண்டிய கருவிக்கு நான்கு சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆகவே 8 மில்லிமீட்டருக்கு 200 மில்லிமீட்டர் கம்பி வேண்டும். 150 மைக்ரான் விட்டமுள்ள கம்பியின் இழுவிசை 321 கிராம், அதாவது 3 நியூட்டனைக் கொஞ்சம் தாண்டும். அதன் மின்தடை மீட்டருக்கு 55 ஓம் என்பதால் 200 மில்லிமீட்டருக்கு 11 ஓம். ஒரு நொடியில் சுருங்க 410 மில்லிஆம்பியர் தேவை. பெருக்கினால் 4.5 வோல்ட். செல்போன் சார்ஜரின் 5 வோல்ட் ஏறக்குறைய நேராகவே பொருந்துகிறது.

ஆனால் செலவைப் பாருங்கள். 4.5 வோல்ட்டும் 0.41 ஆம்பியரும் சேர்ந்தால் 1.85 வாட். ஒரு நொடிக்கு 1.85 ஜூல். கம்பி செய்த வேலையோ 3.1 நியூட்டன், 8 மில்லிமீட்டர், அதாவது 0.025 ஜூல். பயன்திறன் ஒன்றரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. மீதி அத்தனையும் அந்த 23 மில்லிகிராம் உலோகத்தைச் சூடாக்கி, பிறகு காற்றில் கரைந்துபோன வெப்பம். பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டிய கருவிக்கு இந்தக் கம்பியைப் பரிந்துரைப்பவர் இந்த எண்ணைப் பார்த்திருக்க மாட்டார்.

அதே கணக்கின் மறுபக்கமும் உண்டு. 23 மில்லிகிராம் எடையுள்ள ஒரு பொருள் 321 கிராமை இழுக்கிறது. தன் எடையைப்போல் பத்தாயிரம் மடங்குக்கு மேல்! எடைக்கு எடை வைத்தால் இதோடு போட்டி போடுவது கடினம். ஜெனரல் மோட்டார்ஸ் 2014 செவ்ரோலே கார்வெட்டில் பின்கதவு எளிதாக மூடுவதற்காக உள்காற்றை வெளியே விடும் சிறு துவாரத்தை நிட்டினால் கம்பியால் திறக்க வைத்தது. கதவைத் திறந்ததும் கம்பிக்கு மின்சாரம் போகும், துவாரம் திறக்கும். கதவு மூடியதும் மின்சாரம் நிற்கும், கம்பி ஆறும், துவாரம் மூடும். மோட்டார் வைத்திருந்தால் ஆகியிருக்கும் எடையைவிட சுமார் அரைக் கிலோ மிச்சம். கதவை மூடிய பின் துவாரம் மூட ஐந்து நொடி ஆனாலும் யாருக்கும் கவலையில்லை. இடம் பார்த்து வைப்பது என்றால் இதுதான்.

ஆற வைப்பது

வண்டி மாடு இழுக்கும், தள்ளாது. நிட்டினால் கம்பியும் அப்படித்தான். ஆறியதும் அது தானாக நீளாது. மார்ட்டென்சைட் ஆகி இளகிய பிறகு யாராவது அதை இழுத்து நீட்ட வேண்டும். அதற்கு எதிர் ஸ்பிரிங்கோ, தொங்கும் எடையோ, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு நிட்டினால் கம்பியோ வேண்டும். 150 மைக்ரான் கம்பிக்குத் தரவுத்தாள் சொல்லும் எதிர்விசை 128 கிராம், இழுவிசையில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே மேலே சொன்ன தாழ்ப்பாளில் 321 கிராம் முழுவதும் தாழ்ப்பாளுக்குக் கிடைக்காது. ஸ்பிரிங்கை நீட்டுவதற்கே கணிசமான பங்கு போய்விடும். முதன்முறை வடிவமைப்பவர்கள் வழுக்கும் இடம் இது. ஸ்பிரிங்கும் மென்மையான, நீளமான வகையாக இருக்க வேண்டும். கட்டையான ஸ்பிரிங் என்றால் இழுப்பின் கடைசியில் விசை தாறுமாறாக ஏறும்.

இனி நேரம். 20, 25 டிகிரி உள்ள அசையாத காற்றில் 90 டிகிரி வகைக் கம்பி ஆறும் கால அளவு இது: 25 மைக்ரானுக்கு 0.15 நொடி, 100 மைக்ரானுக்கு 0.9, 150-க்கு 1.7, 250-க்கு 4.5, 500 மைக்ரானுக்கு 14 நொடி. விசை வேண்டும் என்று தடித்த கம்பிக்குப் போனால் வேகம் செத்துப்போகும். ஆகவே கெட்டிக்காரர்கள் ஒரு தடித்த கம்பிக்குப் பதில் பல மெல்லிய கம்பிகளை அருகருகே கட்டுகிறார்கள். 250 மைக்ரான் கம்பி ஒன்று 891 கிராம் இழுக்கும். 150 மைக்ரான் கம்பி மூன்று சேர்ந்தால் 963 கிராம், ஆறும் நேரமோ 4.5 நொடியிலிருந்து 1.7-க்கு இறங்கிவிடும். மூன்றையும் மின்சாரத்துக்குத் தொடர் இணைப்பாகக் கட்டினால் 0.41 ஆம்பியரே போதும், மின்னழுத்தம்தான் மூன்று மடங்கு ஆகும்.

கேம்பிரிட்ஜ் மெக்கட்ரானிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் செல்போன் கேமராவில் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் அமைப்பை நிட்டினால் கம்பிகளாலேயே செய்ய முடிந்ததற்கும் இதுவே காரணம். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் லென்ஸைச் சுற்றி ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. அந்த அளவில் கம்பி கண் சிமிட்டும் நேரத்தில் ஆறிவிடும். அதைவிட முக்கியம், கம்பி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதை அதன் மின்தடையே சொல்லிவிடும். தனி சென்சார் தேவையில்லை.

சுற்றி இருக்கும் ஊடகத்தை மாற்றினால் இன்னும் வேகம் கிடைக்கும். மின்விசிறிக் காற்று சுமார் 4 மடங்கு, எண்ணெய்க் குளியல் 25 மடங்கு, கிளைகால் கலந்த தண்ணீர் 100 மடங்குவரை வேகமாக ஆற வைக்கும். ஆனால் அதே ஊடகம் சூடேறும்போதும் வெப்பத்தைத் திருடும், மின்சாரச் செலவும் பல மடங்காகும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு வார்த்தை. ஃப்ளெக்ஸினால் 70 டிகிரி, 90 டிகிரி என்று இரண்டு வகையில் வருகிறது. 70 டிகிரி வகைக்கு மின்சாரம் குறைவாகப் போதும் என்பதால் பலர் அதையே வாங்குகிறார்கள். சித்திரை மாத நண்பகலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாராளமாகத் தொடும். அங்கே வைத்த 70 டிகிரி கம்பி யாரும் கேட்காமலேயே கதவைத் திறந்துவிடும். குறைந்தபட்சம், இழுத்த கம்பி திரும்பி வராது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

கம்பியின் முனையை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் பாதித் திட்டங்கள் தோற்கின்றன. சாதாரண ஈயப்பற்று நிட்டினாலில் ஒட்டாது. மேலே இருக்கும் டைட்டானியம் ஆக்சைடு படலம் விடாது. வலுவான அமிலத் திரவம் போட்டு ஒட்டவைத்தாலும், கம்பி இழுக்கும்போது விட்டமும் மாறுவதால் பற்று நாளடைவில் கழன்றுவிடும். பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பகுதி பழக்கத்தையும் இழக்கலாம். நம்பத்தக்க வழி கிரிம்ப். சிறு பித்தளை அல்லது செம்புக் குழாய்க்குள் கம்பியைச் செருகி, ஒருமுறை மடித்துத் திரும்பவும் செருகி, சரியான தாடையுள்ள கருவியால் நசுக்க வேண்டும். சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் கம்பியில் வெட்டுத்தடம் விழும். சில நூறு சுற்றுக்குப் பின் சரியாக அந்த இடத்தில்தான் அறும். அறுந்த முனை கிரிம்பின் விளிம்பை ஒட்டியே இருந்தால் குற்றவாளி கம்பி அல்ல, கிரிம்ப் என்று முடிவு செய்யலாம்.

கிரிம்பை எங்கே பொருத்துவது? முப்பரிமாண அச்சில் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் துண்டில் பொருத்துவது வழக்கம். பிஎல்ஏ சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். முதல் பத்து இழுப்பு சரியாக இருக்கும், பிறகு நகர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கம்பி களைத்துவிட்டது என்று நினைத்து மாற்றிப் பார்ப்பார்கள், உண்மையில் கிரிம்ப் பிளாஸ்டிக்குக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும். முனைகளுக்குக் கண்ணாடியிழைப் பலகையோ பீங்கானோ உலோகத் திருகோ நல்லது. கம்பியை ஏதாவது குழாய்க்குள் கொண்டுபோக வேண்டுமென்றால் டெஃப்லான் குழாய் சூட்டையும் தாங்கும், வழுக்கவும் செய்யும். கப்பியில் சுற்றுவதானால் அதன் விட்டம் கம்பியின் விட்டத்தைப்போல் சில பத்து மடங்காவது இருக்கட்டும். கூர்மையான முனையில் மடிக்கவே கூடாது.

மின்சாரத்தை நேராகக் கொடுத்துவிட்டு மறந்துபோவது அடுத்த பெரிய தவறு. கம்பி சுருங்கி முடித்த பிறகும் அதே மின்னோட்டம் பாய்ந்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், பழக்கிய நினைவு மங்கும், அடுத்த முறை நகர்வு குறையும். மாஸ்ஃபெட் ஒன்றை வைத்து, முதலில் முழுத் துடிப்பு கொடுத்து, இழுத்து முடித்ததும் துடிப்பின் அகலத்தைக் குறைத்துப் பிடித்துவைப்பதே முறை. இன்னொரு பாதுகாப்பு: தாழ்ப்பாள் எங்காவது சிக்கிக்கொண்டால் கம்பி தன் முழுப் பலத்தையும் தன்மேலேயே காட்டும். அது அறிவிக்கப்பட்ட இழுவிசையைவிடப் பல மடங்கு. கம்பிக்கும் சுமைக்கும் நடுவில் இறுக்கமான ஒரு ஸ்பிரிங்கை வைத்தால், சிக்கும்போது ஸ்பிரிங் நீளும், கம்பி பிழைக்கும்.

ஆயுளுக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. ஒரே முறை என்றால் எட்டு சதவீத நகர்வு, நூறு முறை என்றால் நான்கு, பத்தாயிரத்துக்கு இரண்டு, லட்சத்தைத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு சதவீதம். தகைவையும் அதே போக்கில் குறைக்க வேண்டும். ஆக்சுவேட்டருக்கென்று பழக்கி விற்கும் இன்றைய கம்பிகள் இதைவிடத் தாராளமாக உழைக்கும். ஆனாலும் கைக்கணக்கின் திசை மாறவில்லை. நகர்வைப் பாதியாக்கினால் ஆயுள் பல மடங்கு கூடும். கம்பியின் நீளத்தைக் கூட்டி, சதவீதத்தைக் குறைப்பதுதான் மலிவான காப்பீடு.

மின்சாரமே வேண்டாத இடங்கள்

நிட்டினாலின் உண்மையான கெட்டிக்காரத்தனம் மின்சாரத்தால் சூடாக்கும் இடங்களில் இல்லை. சுற்றியுள்ள சூடே கட்டளையாக அமையும் இடங்களில் அது சென்சார், கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டார் என்ற மூன்று வேலையையும் ஒற்றையாகப் பார்க்கிறது. பேட்டரி இல்லை, நிரல் இல்லை, கெட்டுப்போக எதுவும் இல்லை.

குளியலறையில் சுடுநீரும் தண்ணீரும் கலக்கும் குழாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒருபக்கம் நிட்டினால் ஸ்பிரிங், எதிர்ப்பக்கம் சாதாரண எஃகு ஸ்பிரிங், நடுவில் வால்வு. நீர் சூடேறினால் நிட்டினால் விறைத்து வால்வைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளும், ஆறினால் எஃகு அதைத் திரும்பத் தள்ளும். ஜப்பானில் இத்தகைய குழாய்கள் வீட்டுப் பொருளாகவே விற்றன. தோல் வெந்துபோகும் சூட்டில் நீர் வந்தால் தானாக அடைத்துக்கொள்ளும் ஷவர் வால்வுகளும் இதே வகைதான்.

போயிங் நிறுவனம் 2005-ல் ஒரு 777-300ஈஆர் விமானத்தில் இன்னும் பெரிய அளவில் இதைச் சோதித்தது. எஞ்சின் உறையின் பின் விளிம்பில் இருக்கும் ரம்பப்பல் போன்ற மடல்கள் காற்றோட்டத்துக்குள் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தால் இரைச்சல் குறையும், ஆனால் எரிபொருள் செலவு கூடும். புறப்படும்போது ஊருக்குப் பக்கத்தில் இரைச்சல் குறைய வேண்டும். உயரத்தில் பறக்கும்போது கேட்க ஆளில்லை, எரிபொருள்தான் முக்கியம். தரையில் காற்று வெதுவெதுப்பு, உயரத்தில் கடும் குளிர். மடல்களுக்குள் நிக்கல் கூடிய 60-நிட்டினால் பட்டைகளைப் பொருத்தி, ஹீட்டரால் ஒவ்வொரு மடலாகக் கட்டுப்படுத்தியும் பார்த்தார்கள், வெளிக்காற்றின் சூட்டையே நம்பித் தானாக இயங்கவிட்டும் பார்த்தார்கள்.

ஒரே முறை இழுத்துவிட்டு ஓய்வுபெறும் வேலைகளும் இந்த உலோகத்துக்கு மிகப் பொருத்தம். அங்கே களைப்பு, ஆறும் நேரம் என்ற இரண்டு தலைவலியும் கிடையாது. கிரம்மன் எஃப்-14 போர் விமானத்தின் ஹைட்ராலிக் குழாய்களை இணைக்க ரேக்கெம் நிறுவனம் கொடுத்த கிரையோஃபிட் இணைப்புகள்தாம் நிட்டினாலின் முதல் பெரிய வியாபாரம். குழாயைவிடக் கொஞ்சம் சிறிய துளையோடு இணைப்பைக் கடைந்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைத்து விரித்து, அந்தக் குளிரிலேயே வைத்திருப்பார்கள். தொழிலாளி எடுத்துக் குழாயில் மாட்டினால், அறை வெப்பத்துக்கு வந்ததும் அது சுருங்கிக் கவ்விக்கொள்ளும். வெல்டிங் தீப்பொறி இல்லை, இடுக்கில் ஸ்பேனர் போடும் பாடு இல்லை.

விண்கலத்தில் மடித்துக் கட்டிய சூரியப் பலகையை அவிழ்க்க முன்பு சிறு வெடிமருந்து போல்ட் வைப்பார்கள். அதற்கு மாற்றாக வந்த ஃப்ராஞ்சிபோல்ட்டில், அழுத்திக் குறுக்கிய நிட்டினால் உருளை ஒன்று போல்ட்டைச் சுற்றி இருக்கும். ஹீட்டர் சூடாக்கியதும் உருளை நீண்டு, காடி வெட்டிய போல்ட்டை இழுத்து முறித்துவிடும். 1994-ல் நிலவுக்குப் போன கிளமென்டைன் விண்கலத்தில் இது பறந்தது. 1997-ல் செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் வண்டியிலும் ஒரு நிட்டினால் கம்பி இருந்தது. சிறு சூரிய மின்கலம் ஒன்றின் மேலிருந்த கண்ணாடி மூடியை அது நகர்த்தும். மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் கிடைக்கும் மின்சாரத்தை ஒப்பிட்டால் மூடியில் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு செவ்வாய் நாளுக்கு 0.28 சதவீத மின் இழப்பு என்ற பெயர்பெற்ற எண் அந்தச் சோதனையில் வந்ததுதான்.

உடம்புக்குள்

மருத்துவத்தில் நிட்டினால் என்றதும் நினைவுக்கு வருவது ரத்தக்குழாயில் தானாக விரியும் ஸ்டென்ட். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆக்சுவேட்டர் அல்ல. உடல் வெப்பத்துக்கும் கீழேயே ஆஸ்டனைட்டாக இருக்கும்படி செய்து, குழாய்க்குள் அமுக்கி வைத்து, வெளியே விட்டதும் துள்ளி விரிய வைக்கிறார்கள். அது மீள்தன்மை, சூட்டின் வேலை இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஸ்டென்ட் கம்பியை வாங்கி, மின்சாரம் கொடுத்து இழுக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு.

சூட்டால் இயங்குவதற்கு எடுத்துக்காட்டு சைமன் நிட்டினால் வடிகட்டி. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் பெருஞ்சிரையில் தடுக்கும் சிறு வலை இது. பாஸ்டனின் கதிரியக்க மருத்துவர் மாரிஸ் சைமன் உருவாக்கியது, 1990-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. குளிர்ந்த உப்புநீர் ஓடும் மெல்லிய கத்தீட்டருக்குள் நேராக்கிய கம்பியாகப் போகும். ரத்தத்தின் சூடு பட்டதும் பழைய குடை வடிவத்துக்கு விரியும்.

பல்சீரமைப்புக் கம்பியில் இன்னும் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970-களின் தொடக்கத்தில் நிட்டினாலைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் வந்த செம்பு கலந்த கம்பிகளை 27, 35, 40 டிகிரி என்று மாற்ற வெப்பநிலை குறித்தே விற்கிறார்கள். 40 டிகிரி வகை சாதாரண வாய்ச்சூட்டில் இளகிச் சும்மா இருக்கும். சூடான காபி குடித்தாலோ சாப்பிட்டாலோதான் விறைத்துப் பல்லைத் தள்ளும். வலி தாங்காதவர்களுக்கும் ஈறு பலவீனமானவர்களுக்கும் விட்டு விட்டு வேலை செய்யும் இந்தக் கம்பி ஏற்றது. மருத்துவர் நிறுத்தி நிறுத்தி இயக்க வேண்டியதை நோயாளியின் காபி டம்ளர் செய்துவிடுகிறது.

மின்சாரத்தால் சூடாக்கி உடலுக்குள் வேலை வாங்குவது வேறு கதை. மின் மருத்துவக் கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரநிலை, நோயாளியின் உடலைத் தொடும் பாகத்துக்கு 41 டிகிரியைப் பொதுவான எல்லையாக வைக்கிறது. 90 டிகிரியில் இழுக்கும் கம்பியை 41-ஐத் தாண்டாத உறைக்குள் அடைக்க வேண்டும். உறை தடித்தால் வெப்பம் வெளியேறாது, கம்பி ஆறாது. உறை மெலிந்தால் திசு சுடும். டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் கோஜி இகுட்டாவும் ஷிகெயோ ஹிரோசேயும் 1988-லேயே நிட்டினால் ஸ்பிரிங்குகளால் தானாக வளைந்து நெளியும் எண்டோஸ்கோப்பைச் செய்துகாட்டினார்கள். மின்தடையை அளந்து வளைவைக் கட்டுப்படுத்தும் உத்தியும் அதில் இருந்தது. ஆனாலும் மருத்துவமனை எண்டோஸ்கோப்புகளில் இன்றும் மருத்துவர் கைப்பிடிச் சக்கரத்தைச் சுழற்றித்தான் எஃகு வடங்களை இழுக்கிறார்.

இந்த முட்டுக்கட்டையைச் சுற்றிப்போன முயற்சிகளில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான மினிர் என்ற மூளை அறுவை ரோபோ குறிப்பிடத்தக்கது. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் சாதாரண மோட்டாரைக் கொண்டுபோக முடியாது, காந்தம் விடாது. நிட்டினாலுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூளைக்குள் போகும் விரலளவு ரோபோவில் சூடான கம்பியை வைக்காமல், ஸ்பிரிங்குகளை வெளியே வைத்து வடங்கள் வழியாக இழுத்தார்கள். வேகத்துக்காக அந்த ஸ்பிரிங்குகள்மேல் தண்ணீரை ஓடவிட்டு ஆற வைத்தார்கள். சூடு எங்கே பிறக்கிறதோ அங்கே நோயாளி இருக்கக் கூடாது என்ற எளிய விதி அது. ஆம்னிபாட்டும் அதையே கடைப்பிடிக்கிறது. கம்பி பெட்டிக்குள், தோலுக்கு வெளியே.

வாங்கும்போது

'நிட்டினால் கம்பி' என்று மட்டும் எழுதி ஆர்டர் போடக் கூடாது. நிக்கலின் அளவு அணுக் கணக்கில் 0.1 சதவீதம் கூடினாலே மாற்ற வெப்பநிலை 10 டிகிரி அளவுக்குக் கீழே போகும். அதனால் வேதிக்கலவையின் சான்றிதழை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாற்றம் முடியும் வெப்பநிலை எவ்வளவு, அதை எந்த முறையில் அளந்தார்கள், கடைசி வெப்பப் பதப்படுத்தலுக்குப் பின் அளந்ததா முன்பா என்று கேட்டு வாங்க வேண்டும். உடலுக்குள் போகும் பொருளானால் ஏஎஸ்டிஎம் எஃப்2063 தரத்துக்கு உட்பட்ட மூலப்பொருள், வளைத்து மீட்கும் எஃப்2082 சோதனை முடிவு இரண்டும் வேண்டும். ஆக்சுவேட்டர் வேலைக்கு இவை போதாது. மாறாத சுமையைத் தொங்கவிட்டுச் சூடாக்கியும் ஆற்றியும் பார்க்கும் ஈ3097 சோதனையின் வளைகோட்டைக் கேட்க வேண்டும். அதில்தான் சுமையின்கீழ் எங்கே சுருங்கத் தொடங்குகிறது, எங்கே நீண்டு முடிகிறது என்ற இரண்டும் தெரியும்.

விற்பவரிடம் அந்த வளைகோடு இல்லையென்றால் பட்டறையிலேயே ஒன்று வரையலாம். அரை மீட்டர் கம்பி, கீழே அளவான எடை, பக்கத்தில் ஒரு ஸ்கேல், கூட்டிக் குறைக்கக்கூடிய மின்வழங்கி, கம்பியின் மின்தடையை அளக்க ஒரு மல்டிமீட்டர். மின்னோட்டத்தைப் படிப்படியாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் நீளத்தைக் குறித்து, அதேபோல் படிப்படியாக இறக்க வேண்டும். முதல் சில சுற்றுகளில் கோடு கொஞ்சம் நழுவும். பழக்காத கம்பி என்றால் நிறையவே நழுவும். நழுவல் நின்ற பிறகு கிடைக்கும் கோட்டை வைத்துத்தான் ஸ்பிரிங்கையும் கம்பி நீளத்தையும் முடிவு செய்ய வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யவும்: காற்று பட்டால் அளவெல்லாம் மாறிவிடும்.